தவிடும் நாயுணவும்

மனிதன் தான் உண்ணும் தானியத்தைக் குற்றியும் தீட்டியும் வெண்மையாக்கிக் கொள்கின்றான். அவ்வாறு செய்யுங்கால் கழிவன உமி, தவிடு, குறுணல் என்பன. குறுணல் கோழிக்கும், தவிடு மாட்டுக்கும், உமி அடுப்புக்கும் போய்ச் சேர்தல் நம் நாட்டின் நெடுங்கால வழக்கு. மனிதனோடு மிக நெருங்கி வாழும் நாய்க்கு இவற்றால் யாது பயன் என்று சிந்தித்தவர் சிலரே. இன்று கடைகளில் விற்கப்படும் நாயுணவுப் பைகளின் பின்புறத்தில் அரிசித் தவிடு, கோதுமைத் தவிடு முதலிய பெயர்கள் காணப்படுகின்றன. இதனைக் கண்ட சிலர், விலை குறைந்த கழிவைக் கலந்து ஏமாற்றுகின்றனர் என்பர். வேறு சிலர், நார்ப்பொருள் நிறைந்த நல்லுணவு என்று போற்றுவர். இவ்விரு கூற்றுக்களுள் உண்மை எத்துணை என்பதை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆராய்ச்சிக்கு ஓர் இடம் வேண்டும். புத்தளம் மாவட்டத்தில், ஒருபுறம் கடலும் மறுபுறம் கடனீரேரியும் சூழக் கிடப்பது கற்பிட்டிப் பகுதி. அங்குள்ள பள்ளிவாசல்துறை போன்ற கரையோர ஊர்களில் நாய்க்கு மீனுக்குக் குறைவில்லை. தோணி கரை சேர்ந்தவுடன் வெட்டி எறியப்படும் தலையும் குடலும், வீட்டில் மிஞ்சிய வெள்ளரிசிச் சோறும் அதன் நாளாந்த உணவு. புரதமும் மாப்பொருளும் இவ்வாறு கிடைத்துவிடுகின்றன. ஆயினும் அவ்வுணவில் நார்ப்பொருள் இல்லையென்றே கூறலாம். உயிர்ச்சத்துக்களுள் ஒன்றும் ஆபத்தான அளவிற்குக் குறைந்துபோகக்கூடும். ஆதலின் தவிட்டைப் பற்றிய வினா இக்கரையோரத்தில் வெறும் ஏட்டு வினாவாக நில்லாது, ஓர் உயிரின் நலத்தைத் தொடும் வினாவாகின்றது.

தானியத்தின் கழிபொருள்கள்

நெல்மணியை உற்று நோக்கின் நான்கு பகுதிகள் புலனாகும். வெளியே கரடுமுரடான உமி. அதனுள் பழுப்பு அல்லது செந்நிறமான தவிட்டுப் படை. ஒரு முனையில் முளை. நடுவே மாப்பொருள் செறிந்த வெள்ளரிசி. 100 கிலோ நெல்லை ஆலையில் இட்டால் ஏறத்தாழ 20 கிலோ உமியும், 8 முதல் 10 கிலோ வரை தவிடும் கழியும். எஞ்சிய 70 கிலோ அளவே முழு அரிசியும் குறுணலுமாகக் கிடைக்கும். உரலிற் குற்றிச் சுளகிற் புடைத்த காலத்தில் தவிட்டின் ஒரு பகுதி அரிசியோடு ஒட்டியே நின்றது. ஆலை அதனை முற்றாக உரித்துவிடுகின்றது.

இம்மூன்று கழிபொருள்களையும் ஒன்றெனக் கொள்ளுதல் பெருந்தவறு. குறுணல் என்பது உடைந்த அரிசியேயாம். அதில் அரிசியிலுள்ளதற்கு மேற்பட்ட நார்ப்பொருள் இல்லை. உமியோ செலுலோசு, இலிக்னின், சிலிக்கா என்பவற்றாலாயது. அதனை எரித்தால் ஐந்திலொரு பங்கு வரை சாம்பல் எஞ்சும். அச்சாம்பலிற் பெரும்பகுதி சிலிக்காவேயாம். உமி எவ்விதத்தாலும் நாய்க்கு உணவாகாது; குடலின் மென்றோலை உறுத்தவும் செய்யும். தவிடு இவ்விரண்டினும் வேறானது. 100 பங்கு தவிட்டில் புரதம் 12 முதல் 15 பங்கும், எண்ணெய் 15 முதல் 20 பங்கும், நார்ப்பொருள் 20 முதல் 25 பங்கும் உள்ளன. பி வகை உயிர்ச்சத்துக்களும் பொசுபரசும் மகனீசியமும் அதில் மிகுதியாக உண்டு.

கோதுமைத் தவிட்டில் நார்ப்பொருள் இதனினும் கூடுதல். நூற்றுக்கு 40 பங்கிற்கு மேற்படும். எண்ணெய் மிகக் குறைவாதலின் அது எளிதிற் காறிப்போவதில்லை. ஆயினும் இலங்கையிற் கோதுமை விளைவதில்லை. திருகோணமலையில் 1980 முதல் இயங்கிவரும் பெரிய மா ஆலையிலிருந்து வெளிவரும் தவிடும், கப்பலில் வந்த கோதுமையின் தவிடேயாம். அரிசித் தவிடோ நம் வயலில் விளைந்தது. மதுவடி ஆலைகளிற் கழிக்கப்படும் வாற்கோதுமைச் சக்கையும் நார் மிக்கதுதான். எனினும் அது நீர் செறிந்தது. ஓரிரு நாளிற் புளித்துவிடும். மதுவுக்குக் கைப்பூட்டச் சேர்க்கும் ஒப்புப் பூக்கள் அதிற் கலந்திருப்பின் நாய்க்கு நஞ்சாகும்.

நாய்க்குத் தானியம் ஊட்டுதல் புதியதொரு வழக்கமன்று. உரோம நாட்டு வேளாண்மை நூலாசிரியராகிய வாரோ என்பார், பட்டிநாய்க்குப் பாலில் ஊறிய வாற்கோதுமை அப்பத்தை இடுமாறு ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே கூறினார். 1860ஆம் ஆண்டளவில் இங்கிலாந்தில் யேம்சு இசுப்பிராற்று என்னும் அமெரிக்கர், கோதுமை மாவும் மரக்கறியும் இறைச்சியும் சேர்த்துச் சுட்ட நாய் விசுக்கோத்தை விற்கத் தொடங்கினார். இன்றைய நாயுணவுத் தொழிலின் தொடக்கம் அதுவே.

நார்ப்பொருள் என்பது யாது?

தாவரக் கலங்களின் சுவரை ஆக்குவனவும், விலங்கின் சிறுகுடல் நொதியங்களாற் சமிக்கப்படாதனவுமாகிய பொருள்களே நார்ப்பொருள் எனப்படும். ‘உணவு நார்’ என்னும் தொடரை 1953ஆம் ஆண்டில் இப்சிலி என்னும் மருத்துவர் முதன்முதல் ஆண்டார். ஆபிரிக்காவிற் பணிபுரிந்த மருத்துவர்களாகிய பேர்கிற்று, திரவல் என்போரின் எழுத்துக்களால் 1970களில் அத்தொடர் உலகெங்கும் பரவியது. அதற்கு முன்னர் நார் என்பது பயனற்ற சக்கையெனவே கருதப்பட்டது.

இப்பழைய கருத்தின் சுவடு இன்றும் நாயுணவுப் பைகளில் உண்டு. அவற்றிற் பொறிக்கப்படுவது ‘பண்படா நார்’ என்னும் அளவாகும். 1860களில் செருமனியின் வீண்டே ஆய்வுநிலையத்தில் வகுக்கப்பட்ட முறையின்படி, உணவை ஐதான அமிலத்திலும் பின்னர் ஐதான காரத்திலும் கொதிக்கவைத்து, எஞ்சியதை நிறுத்து, அதிலுள்ள சாம்பலைக் கழித்து இவ்வளவு பெறப்படுகின்றது. இக்கொதிப்பிற் கரையும் நார்கள் கணக்கில் வாரா. ஆகவே 20 பங்கிற்கு மேல் நாருடைய அரிசித் தவிடு இம்முறையில் 7 முதல் 11 பங்கு நாருடையதாகவே தோன்றும். பையிலுள்ள எண்ணைப் படிப்போர் இதனை மனத்திற் கொள்ளல் வேண்டும்.

நார்ப்பொருளை நீரிற் கரைவது, கரையாதது என இருவகைப்படுத்தலாம். கரையும் நார் நீரோடு சேர்ந்து கூழ்போலாகிக் குளுக்கோசு குருதியிற் சேரும் விரைவைத் தணிக்கும். பெருங்குடலிலுள்ள பற்றீரியாக்கள் அதனைப் புளிக்கவைத்துக் குறுஞ்சங்கிலிக் கொழுப்பமிலங்களை ஆக்கும். அவற்றுள் ஒன்றாகிய பியூற்றிரிக்கமிலம் பெருங்குடற் கலங்களுக்கு உணவாகின்றது. கரையாத நாரோ நீரை ஏற்று மலத்திற்குப் பருமனளித்துக் குடலின் அசைவைத் தூண்டும். அரிசித் தவிட்டினதும் கோதுமைத் தவிட்டினதும் நாரிற் பெரும்பகுதி கரையாததேயாம்.

நாயும் தானியமும்

நாய் ஊனுண்ணி வரிசையைச் சேர்ந்தது. அதற்குத் தானியம் எதற்கு என வினவுவோர் உளர். இதற்கு விடை அதன் பரம்பரையலகிலேயே எழுதப்பட்டுள்ளது. 2013ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு உப்சாலாப் பல்கலைக்கழக அறிஞர் ஓநாயையும் நாயையும் ஒப்பிட்டு ஆராய்ந்தனர். மாப்பொருளைச் சமிக்கும் அமைலேசு என்னும் நொதியத்தைக் கணையத்திற் சுரப்பிக்கும் பரம்பரையலகு ஓநாயிடம் 2 படிகளாகவே இருந்தது. நாய்களிடமோ 4 முதல் 30 படிகள் வரை காணப்பட்டது. மனிதன் உழுது விதைக்கத் தொடங்கிய பின்னர், அவன் வாயிலில் நின்று அவன் உணவின் மிச்சத்தை உண்டு வாழ்ந்த விலங்கின் உடல், அவ்வுணவுக்கேற்ப மாறியது என்க.

ஆயினும் மாப்பொருளைச் சமித்தல் வேறு. நாரைச் சமித்தல் வேறு. மாட்டுக்கு நாற்பகுதி இரைப்பை உண்டு. முயலுக்குப் பெருத்த குருட்டுக்குடல் உண்டு. நாயின் பெருங்குடலோ குறுகியது. எனவே நாரிலிருந்து அது பெறும் சத்து மிகச் சிறிது. நாய்க்கு நார் சக்தி தரும் உணவாகாது. உணவுக்கால்வாயை ஒழுங்குபடுத்தும் துணையேயாகும். அளவோடு சேர்ந்த நார் மலச்சிக்கலையும் இளகிய மலத்தையும் ஒருங்கே சீர்படுத்தும்; பருத்த நாய்க்கு வயிறு நிறைந்த உணர்வைத் தந்து உடற்பாரத்தைக் குறைக்க உதவும்; நீரிழிவுற்ற நாயின் குருதிச் சர்க்கரை திடீரென ஏறுவதைத் தணிக்கும். நலமுள்ள வளர்ந்த நாய்களுக்கான உலருணவிற் பண்படா நார் பொதுவாக 2 முதல் 5 பங்கு வரை காணப்படும். உடற்பாரம் குறைப்பதற்கான உணவுகளில் அது 10 பங்கிற்கு மேலும் செல்வதுண்டு.

கரையோர நாயின் குறை

இனிக் கரையோரத்திற்கு மீள்வாம். வெள்ளரிசிச் சோற்றையும் பச்சை மீனையும் உண்ணும் நாய்க்கு நேரும் குறை நாரின்மை மட்டுமன்று. அக்குறையை உணரத் தவிட்டின் வரலாற்றைச் சிறிது அறிதல் வேண்டும்.

1890களில் பத்தாவியா நகரில் பணிபுரிந்த ஒல்லாந்த மருத்துவராகிய ஐக்குமன், வைத்தியசாலையின் வெள்ளரிசிச் சோற்றை உண்ட கோழிகள் கால் தளர்ந்து வீழ்வதையும், தவிடு நீங்கா அரிசியை உண்ண அவை எழுந்து நடப்பதையும் கண்டார். மனிதரை வாட்டிய பெரிபெரி என்னும் நோயின் காரணம் இவ்வழியே வெளிப்பட்டது. 1929இல் அவருக்கு நோபெல் பரிசு கிடைத்தது. அதே பத்தாவியாவில் 1926ஆம் ஆண்டில் யான்சன், தொனாத்து என்னும் இருவர் அரிசித் தவிட்டிலிருந்தே அவ்வுயிர்ச்சத்தைப் பளிங்காகப் பிரித்தெடுத்தனர். அதுவே இன்று தயமின் எனப்படும் பி1 உயிர்ச்சத்து.

தமிழர்க்கு இவ்வரலாற்றில் ஓர் இடம் உண்டு. மலாயாவில் வெள்ளைப் பச்சையரிசியை உண்ட சீனத் தொழிலாளரைப் பெரிபெரி கொள்ளைகொண்டபோது, புழுங்கலரிசியை உண்ட தமிழ்த் தொழிலாளர் பெரும்பாலும் அந்நோய்க்குத் தப்பினர். பிறடன் என்னும் மருத்துவர் 1907இல் வெளியிட்ட நூலில் இதனை எடுத்துக்காட்டினார். நெல்லை அவிக்கும்போது தவிட்டிலுள்ள தயமினில் ஒரு பகுதி அரிசியினுட் புகுந்துவிடுவதே காரணமாகும்.

நாய்க்கும் இச்சத்து இன்றியமையாதது. வெள்ளரிசியில் அது மிகக் குறைவு. பச்சை மீன் இக்குறையை மேலும் பெருக்கும். சாளை, நெத்தலி முதலியவை அடங்கிய குடும்பங்களைச் சேர்ந்த சில மீன்களிலும் நன்னீர்க் கெண்டையினத்திலும் தயமினேசு என்னும் நொதியம் உண்டு. அது தயமினைச் சிதைத்துவிடும். மீனின் குடலிலும் தலையிலும் அது மிகுதி. 1932ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், பச்சை மீன் ஊட்டி வளர்க்கப்பட்ட நரிகள் உணவை வெறுத்துத் தள்ளாடி, வலிப்புற்று மடிந்தன. சஸ்ரெக்கு வாதம் எனப் பெயர்பெற்ற அந்நோய் தயமின் குறைவால் வந்ததெனப் பின்னர்த் தெளியப்பட்டது. நரி நாயின் குடும்பத்ததே என்பது ஈண்டு நினைவிற் கொள்ளத்தக்கது.

இந்நோய்க்குறிகளைப் படிப்போர்க்கு வேறொன்று நினைவில் எழும். உணவை வெறுத்துத் தள்ளாடி வலிப்புறும் நாயை நம் ஊரில் விசர்நாய் என்பர். விசர்நோய் முற்றாக நீங்காத நாட்டில் அவ்வாறு ஐயுறுதல் தக்கதே. அத்தகைய நாயை எவரும் தொடலாகாது. மிருக வைத்தியரை அழைத்தலே முறை. ஆயினும் உணவுக் குறையால் தளர்ந்த நாயொன்று விசர்நாயென எண்ணி அடித்துக் கொல்லப்படுதல் கூடும் என்பதும் உண்மை. மீனைக் கொதிக்கவைத்தல் என்னும் சிறு செயல் அந்நிலையைத் தடுக்கும். ஏனெனின் தயமினேசு வெப்பத்தால் அழிந்துவிடும்.

எனவே கரையோர நாயின் உணவில் தவிடு இரு பணிகளைச் செய்கின்றது. வெள்ளரிசி இழந்த நாரைத் தருகின்றது. வெள்ளரிசி இழந்த தயமினையும் தருகின்றது. ஆயின் தவிட்டைப் பச்சை மீனோடு கலந்து இட்டால், அதன் தயமினையும் மீனின் நொதியம் அழித்துவிடும். மீன் வெந்தபின்னரே தவிடு சேர்தல் வேண்டும் என்பது இதனாற் பெறப்படும்.

தவிட்டின் தீங்குகள்

தவிட்டைப் போற்றுவோர் அதன் தீங்குகளையும் அறிதல் கடன். முதலாவது, காறல். தவிட்டில் எண்ணெயோடு இலைப்பேசு என்னும் நொதியமும் உண்டு. அரிசியில் ஒட்டியிருக்கும்வரை இரண்டும் வெவ்வேறிடத்தில் இருப்பன. ஆலையில் உரிபட்ட கணமே ஒன்றோடொன்று கலந்துவிடும். அன்று தொட்டே எண்ணெய் சிதைந்து, சில நாட்களிற் கைப்பும் துர்நாற்றமும் தோன்றும். காறிய எண்ணெய் ஈ உயிர்ச்சத்தை அழிக்கும். புழுங்கல் நெல்லின் தவிட்டில் இந்நொதியம் நெல் அவியும்போதே அழிந்துவிடுவதால் அது நெடுநாள் நிற்கும். ஆனால் தயமினின் ஒரு பகுதி அரிசியினுட் சென்றுவிட்டமையால் அத்தவிட்டில் அச்சத்துச் சற்றுக் குறையும். பச்சைத் தவிடாயின் வாங்கிய அன்றே மெல்லிய சூட்டில் வறுத்து வைத்தல் நன்று.

இரண்டாவது, கலப்படம். அரைத்த உமியைத் தவிட்டிற் கலந்து நிறையைக் கூட்டுதல் பல நாடுகளில் நிகழ்வது. இதனைக் கண்டறிய எளிய சோதனையொன்று உண்டு. புளோரோகுளூசினோல் என்னும் பொருளின் கரைசலையும் ஐதரோகுளோரிக்கமிலத்தையும் சேர்த்துத் தவிட்டின்மீது விட, இலிக்னின் செந்நிறம் கொள்ளும். உமி மிகின் செம்மையும் மிகும். விஞ்ஞான மாணவர் ஆசிரியரின் மேற்பார்வையில் ஆய்வுகூடத்தில் இதனைச் செய்து பார்க்கலாம்.

மூன்றாவது, பைற்றிக்கமிலம். தவிட்டில் மிகுந்துள்ள இப்பொருள் நாகம், இரும்பு, கல்சியம் என்பவற்றைப் பிணித்து உடலிற் சேரவொட்டாது தடுக்கும். தானியமே மிகுந்த உணவை உண்டு வேகமாக வளரும் குட்டிகளுக்கு நாகக் குறைவால் மூக்கையும் கண்ணையும் சுற்றித் தோல் தடித்து வெடிப்பதுண்டு. மேலும் தவிட்டிற் பொசுபரசு மிகுதி, கல்சியம் குறைவு. இவ்விரண்டின் சமநிலை குலையின் எலும்பு நலியும்.

நான்காவது, பூஞ்சணம். ஈரம் பட்ட தானியத்திலும் தவிட்டிலும் வளரும் சில பங்கசுக்கள் அபிளாற்றொட்சின் என்னும் ஈரல் நஞ்சை ஆக்கும். 1960இல் இங்கிலாந்தில் வான்கோழிகள் பெருந்தொகையாக மடிந்தபோதே இந்நஞ்சு இனங்காணப்பட்டது. 2005ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்காவில், நஞ்சேறிய சோளம் கலந்த உணவை உண்டு பல நாய்கள் மாண்டன. கொதிக்கவைத்தாலும் இந்நஞ்சு நீங்காது. கடற்காற்று வீசும் ஊரில் தவிட்டைச் சாக்கில் நெடுநாள் வைத்தல் ஆகாது என்பதற்கு இதுவே காரணம்.

ஏமாற்றின் கொடுமைக்கும் ஒரு சான்று கூறலாம். 2007இல் வட அமெரிக்காவில் நாய்களும் பூனைகளும் சிறுநீரகம் பழுதுற்று இறந்தன. சீனாவிலிருந்து வந்த கோதுமைப் பசையத்திலும் அரிசிப் புரதத்திலும், புரத அளவு உயர்ந்ததாகக் காட்டும்பொருட்டு மெலமின் கலக்கப்பட்டிருந்தது. இவ்விரண்டும் தானியக் கழிபொருள்களே. கழிபொருள் தீயது என்பது இதன் கருத்தன்று. அதன் வழிமூலத்தை அறியாது வாங்குதல் தீயது என்பதே கருத்து.

இடும் முறையும் அளவும்

10 கிலோ நிறையுள்ள வளர்ந்த நாய்க்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 550 முதல் 700 வரை கிலோகலோரி வேண்டும். நீர் நீங்கலாக நோக்கின் அது 150 முதல் 180 கிராம் வரையான உலர்பொருளுக்குச் சமம். இதிற் பத்திலொரு பங்கு, அதாவது 15 கிராம் அளவு, தவிடாக இருக்கலாம். அது இரண்டு மூன்று மேசைக்கரண்டிக்கு மேற்படாது. தொடங்கும்போது ஒரு கரண்டியே போதும். மலத்தின் நிலையை நோக்கி ஒரு கிழமைக்குள் சிறிது சிறிதாகக் கூட்டலாம். நாருக்கு நீர் வேண்டுமாதலின் குடிநீர் எப்போதும் அருகில் இருத்தல் வேண்டும்.

முறை இதுவாகும்: தவிட்டை நுண்ணிய அரிதட்டில் அரித்து உமியையும் கல்லையும் நீக்குக. மீனைக் குடல் களைந்து நன்றாக அவிக்க. கடினமான பெருமுள்ளை அகற்றுக. சிறுமீனின் முள் மெத்தென வெந்துவிடின் அதுவே கல்சியத்தைத் தரும். சோற்றையும் வறுத்த தவிட்டையும் அதிற் சேர்த்துச் சில நிமிடம் மட்டும் கிளறி இறக்குக. நீண்ட கொதிப்பு தயமினைக் குறைக்கும். உப்பிட்ட கருவாட்டுக் கழிவும், வெங்காயம் சேர்ந்த கறியும் நாய்க்கு ஆகா. குட்டிகளுக்கும், சூலுற்ற நாய்க்கும், மெலிந்து நோயுற்ற நாய்க்கும் தவிட்டைத் தவிர்த்தலோ மிகக் குறைத்தலோ நன்று. அவற்றின் சிறு வயிற்றைச் சத்துள்ள உணவே நிரப்புதல் வேண்டும்.

2022ஆம் ஆண்டில் இந்நாட்டில் அந்நியச் செலாவணி வறண்டு இறக்குமதிப் பண்டங்களின் விலை பன்மடங்கு ஏறியபோது, பிறநாட்டு நாயுணவைப் பையோடு வாங்கிப் பழகியோர் பலர் திகைத்தனர். அத்தகைய வேளையில் வயிற்றை நிரப்பிவிடுவோம் என்று தவிட்டைக் கூழாகக் காய்ச்சி வார்த்தல் எளிது. ஆனால் அந்நாய் நிறைந்த வயிற்றோடு பட்டினி கிடக்கும். இறைச்சியையும் மீனையும் முட்டையையும் தவிடு ஈடுசெய்யமாட்டாது. பத்திலொரு பங்காக நிற்கும்போது அது மருந்தனையது. பாதியாக வளரும்போது பஞ்சத்தின் மறுபெயர்.

ஆகவே தொடக்கத்திற் கூறிய இரு கூற்றுக்களும் தனித்தனியே முழு உண்மையாகா. தவிடு ஏமாற்றுப் பண்டமா, நல்லுணவா என்பது அதன் புதுமையையும் தூய்மையையும் அளவையும் பொறுத்தது. அரிசியிலிருந்து மனிதன் தன் கண்ணின் விருப்பிற்காக நீக்கியதை, தன் வாயிலைக் காக்கும் உயிருக்கு அறிவோடு மீள அளித்தால் இருவர்க்கும் நலம். அதற்குப் பெருஞ்செலவோ பிறநாட்டுப் பையோ வேண்டுவதில்லை. அருகிலுள்ள ஆலையும், ஓர் அரிதட்டும், மீன் வேகும் பானையும் போதும்.